முகுர்த்து: யார் பார்க்கலாம் என்று முதலில் கேட்கும் ஆவண மென்பொருள்

பழங்குடி, சிறுபான்மைச் சமூகங்களின் பாட்டு, படம், வாய்மொழி வரலாறு இவற்றைப் பதிவு செய்யும் ஆய்வுக் குழுக்கள் பெரும்பாலும் ஒமேகா என்ற இணைய ஆவண மென்பொருளில் ஒரு தளம் போடும்; இல்லாவிட்டால் கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டர் திறக்கும். ஒமேகாவில் ஒரு பதிவு ஊருக்கெல்லாம் தெரியும், அல்லது மறைந்தே இருக்கும். டிரைவில் மின்னஞ்சல் வாரியாகப் பகிரலாம், ஆனால் அந்தப் பட்டியல் ஆய்வாளர் கையில். பெண்கள் மட்டும் கேட்கும் பாட்டு, ஒரு வகையறாவுக்கு மட்டும் உரிய கதை, இறந்தவர் முகம் தெரியும் படம் என்று ஊரில் காலங்காலமாக இருக்கும் கட்டுப்பாடுகளை இவற்றில் வைக்க இடமே இல்லை. அதற்கென்றே எழுதப்பட்ட இலவச, திறமூல மென்பொருள் முகுர்த்து.

இது பிறந்தது ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில், டெனன்ட் கிரீக் என்ற ஊரில். மிஷனரிகளும் ஆய்வாளர்களும் எடுத்துப் போன பழைய படங்கள் டிஜிட்டல் நகலாக அங்குள்ள வருமுங்கு பழங்குடி மக்களிடம் திரும்பியபோது, எதை யார் பார்ப்பது என்ற கேள்வி எழுந்தது. அவர்களோடு வேலை செய்த மானிடவியலாளர் கிம் கிறிஸ்டனும் மற்றவர்களும் சேர்ந்து 2007-இல் அங்குள்ள பண்பாட்டு மையத்தில் ஓர் ஆவணத் தளத்தை அமைத்தார்கள். பிறகு அதுவே எந்தச் சமூகமும் நிறுவிக்கொள்ளும் மென்பொருளாக வளர்ந்தது. இப்போது வளர்ப்பது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம். அடித்தளம் ட்ரூப்பல் என்ற இணையத்தள மென்பொருள்.

நிறுவி முடித்த கையோடு ஒரு படத்தை ஏற்றிப் பார்க்கலாம் என்று போனால் முடியாது. ஒரு சமூகம், அந்தச் சமூகத்தின் கீழ் ஒரு புரோட்டோகால் (யார் பார்க்கலாம் என்ற விதி), பதிவுகளைத் தரம் பிரிக்கத் தளம் முழுமைக்குமான ஒரு வகை, இந்த மூன்றும் உருவான பிறகுதான் முதல் பதிவுக்கு வழி திறக்கும். அவசரக்காரர்களுக்கு இது எரிச்சல். எங்கள் கணிப்பில் இந்த மென்பொருளின் மதிப்பில் பாதி இந்தத் தடையில்தான் இருக்கிறது. கோப்பு உள்ளே வருவதற்கு முன்பே, இது யாருடையது, யார் பார்க்கலாம் என்று யாராவது பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலைச் சொல்வது யார் என்பதை மட்டும் மென்பொருள் கேட்காது. ஆய்வாளரே உட்கார்ந்து மூன்றையும் பத்து நிமிடத்தில் உருவாக்கிவிடலாம். பல தளங்கள் அப்படித்தான் கெடுகின்றன.

சமூகம் என்ற முதல் படிவத்திலிருந்தே கவனம் வேண்டும். முகுர்த்துவில் சமூகம் என்றால் ஒரு முழு இனமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு குடும்பம், ஒரு குலம், ஒரு கிராமம், ஒரு பள்ளி, எதுவும் சமூகமாகலாம். ஆய்வுக் குழு தன் பெயரிலேயே ஒரு சமூகத்தைத் திறந்து எல்லாப் பதிவையும் அதன் கீழ் கொட்டுவது சோம்பேறி வழி. இன்னொரு பக்கம், இனத்தின் பெயரில் ஒரே சமூகம் திறப்பதும் ஆபத்து. இதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டாம். அகத்திய மலைக் காணி மக்கள் காட்டிக் கொடுத்த ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்து கேரளத்தின் தாவரவியல் பூங்கா நிறுவனம் ஜீவனி என்ற மருந்தை உருவாக்கியது. கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய் உரிமக் கட்டணமும் 2 சதவீத ராயல்டியும் பேசி உற்பத்தி உரிமை கொடுத்தது. அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997-இல் அறக்கட்டளையும் வந்தது. உலகம் முழுக்க முன்மாதிரி என்று பேசப்பட்ட ஏற்பாடு அது. ஆனாலும் வேறு பஞ்சாயத்துக் காணிகளும், மருந்தறிவைக் காக்கும் பிலாத்திகள் சிலரும் எங்களை யார் கேட்டார்கள் என்று மனத்தாங்கல் கொண்டார்கள். ஓர் ஊரில் பேசிவிட்டு இனம் முழுவதும் சம்மதித்ததாக எழுதினால் வரும் சிக்கல் அது. எனவே பேசி முடித்த ஊருக்கு, பேசி முடித்த குடும்பத்துக்கு மட்டும் முதலில் சமூகம் திறங்கள். மற்றவற்றைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். சேர்ப்பது சுலபம், ஒரே சமூகமாகக் கொட்டியதைப் பிரிப்பது பெரும்பாடு.

புரோட்டோகால்தான் இதன் இதயம். இரண்டு வகை. திறந்த புரோட்டோகாலில் இருப்பதை உள்நுழையாத பார்வையாளரும் பார்ப்பார். கட்டுப்பட்ட புரோட்டோகாலில் இருப்பது அதன் உறுப்பினருக்கு மட்டும். உறுப்பினராக வேண்டுமானால் முதலில் அந்தச் சமூகத்தில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு புரோட்டோகாலுக்கும் பொறுப்பாளர் ஒருவரையாவது நியமிக்கலாம். யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது அவர் கையில். பெண்கள் புரோட்டோகாலுக்குப் பொறுப்பாளர் அந்தச் சமூகத்துப் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே தெரியும். ஆனால் அவருக்கு மின்னஞ்சல் இல்லை என்று சொல்லி ஆய்வு உதவியாளரின் முகவரியைப் போட்டுவிடுவதுதான் நடைமுறையில் நடக்கிறது. மின்னஞ்சல் திறந்து கொடுத்து, கடவுச்சொல்லை அவர் கையாலேயே போட வைப்பது அரை மணி நேர வேலை. ஒருவருக்கு இருவராக நியமித்துவிட்டால் ஒருவர் ஊரில் இல்லாதபோதோ, காலமானாலோ கதவு பூட்டிக்கொள்ளாது.

ஒரே பதிவுக்கு இரண்டு புரோட்டோகால் போடும்போதுதான் பெரிய விபத்துகள். படிவத்தில் 'ஏதேனும்', 'எல்லாம்' என்று ஒரு தேர்வு இருக்கும். ஒரு தாலாட்டை 'பெண்கள்', 'மேலத்தெருக் குடும்பம்' என்ற இரண்டு கட்டுப்பட்ட புரோட்டோகால்களில் போட்டதாக வைத்துக்கொள்வோம். 'எல்லாம்' என்று இருந்தால் மேலத்தெருப் பெண்கள் மட்டும் கேட்பார்கள். 'ஏதேனும்' என்று இருந்தால் எல்லாத் தெருப் பெண்களும், மேலத்தெரு ஆண்களும் கேட்பார்கள். இரண்டு புரோட்டோகாலில் ஒன்று திறந்ததாக இருந்து 'ஏதேனும்' என்றும் இருந்துவிட்டால் உலகமே கேட்கும். படிவத்தில் இவை இரண்டும் ஒரு சொடுக்குத் தூரம். கட்டுப்பட்ட பொருள்களுக்கு 'எல்லாம்' என்பதையே பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

4ஆம் பதிப்பில் இன்னொரு பொறி. அதில் ஊடகக் கோப்பும், அதை விவரிக்கும் பதிவும் தனித்தனிப் பொருள்கள். இரண்டுக்கும் தனித்தனிப் புரோட்டோகால். பதிவைக் கட்டுப்படுத்திவிட்டு ஒலிக்கோப்பைத் திறந்த புரோட்டோகாலில் விட்டுவிட்டால், கட்டுப்பாடு பெயருக்குத்தான். இந்த அமைப்பினால் நன்மையும் உண்டு: இன்ன பாட்டு இருக்கிறது என்று விவரத்தை எல்லாருக்கும் காட்டி, ஒலியை மட்டும் மூடி வைக்கலாம். எது வேண்டும் என்று ஊரில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். சில பாட்டுகளின் பெயர் வெளியே தெரிவதே கூடாது என்பார்கள். அப்போது தலைப்பு, சுருக்கம், குறிச்சொல், கோப்பின் பெயர் நான்கையும் பார்க்க வேண்டும். 'இரவுச்சடங்கு_குகை_2' என்ற கோப்புப் பெயர் எந்தப் புரோட்டோகாலையும் மதிக்காது.

சோதனை செய்யாமல் ஒரு பதிவையும் நம்பாதீர்கள். மூன்று போலிக் கணக்குகள் போதும்: புரோட்டோகால் உறுப்பினர் ஒருவர், சமூகத்தில் மட்டும் இருப்பவர் ஒருவர், இரண்டிலும் இல்லாதவர் ஒருவர். மூன்றிலும் உள்நுழைந்து தேடல் பக்கம், வரைபடம், தொடர்புடைய பதிவுகள் ஆகியவற்றில் சிறுபடம் எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள். பிறகு உறுப்பினர் கணக்கில் படத்தின் நேரடி முகவரியை நகலெடுத்து, உள்நுழையாத தனிப்பட்ட உலாவிச் சாளரத்தில் ஒட்டுங்கள். படம் திறந்தால், சர்வரில் ட்ரூப்பலின் தனிக்கோப்பு அடைவு சரியாக அமைக்கப்படவில்லை. பொது அடைவில் கிடக்கும் கோப்பை முகவரி தெரிந்த எவரும் திறப்பார். புரோட்டோகால் அங்கே எட்டாது. தனி அடைவு இணையத்துக்குத் தெரியும் ஃபோல்டருக்கு வெளியே இருக்க வேண்டும்.

எல்லாம் சரியாக அமைத்தாலும் ஒன்றை ஊரில் மறைக்கக் கூடாது: சர்வரின் உள்ளே நுழையும் உரிமை உள்ளவர் எந்தக் கோப்பையும் எடுக்கலாம். பெண்கள் மட்டும் கேட்கும் பாட்டை ஓர் ஆண் தொழில்நுட்பக்காரர் கேட்க வாய்ப்பிருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். அப்படியானால் வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், அந்தப் பாட்டு ஒரு ஹார்டு டிஸ்க்கில், அவர்கள் வீட்டு அலமாரியில் இருப்பதே சரி. மென்பொருள் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் அதில் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

படங்களில் ஜிபிஎஸ் தகவலும் இருக்கும். கைப்பேசியில் எடுத்த கோயில்காட்டுப் படத்தை அப்படியே ஏற்றினால், தரவிறக்கும் எவருக்கும் இடத்தின் ஆயத்தொலைவுகள் கிடைக்கும். ஏற்றுவதற்கு முன் எக்ஸிஃப்டூல் போன்ற கருவியால் நீக்கிவிடுங்கள். முகுர்த்துவின் வரைபடப் புலத்தையும் அத்தகைய இடங்களுக்கு வெற்றாக விடுங்கள்.

இந்த மென்பொருளில் மற்றவற்றில் அரிதாகவே பார்க்கக்கூடிய வசதி, சமூகப் பதிவு. ஒரே படத்துக்கு அருங்காட்சியகம் எழுதிய விவரம் ஒரு பக்கம் இருக்க, சமூகங்கள் தாங்களே எழுதிய விவரங்களை அதே பக்கத்தில் அடுத்தடுத்துச் சேர்க்கலாம். யாருடையதும் யாருடையதையும் அழிக்காது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் யாக்கமா, ஸ்போகேன், உமட்டில்லா முதலிய பழங்குடிகளோடு நடத்தும் பிளாட்டோ (பீடபூமி) மக்கள் இணையவாசலில் இதைப் பார்க்கலாம். ஒரு கூடையைப் பற்றி நூறாண்டுக்கு முன் எவரோ எழுதிய ஒற்றை வரியும், அந்தக் கூடையைப் பின்னத் தெரிந்தவர்கள் சொல்வதும் ஒரே திரையில் நிற்கும்போது வாசகருக்கு விளங்குவது வேறு. ஆய்வாளர் எழுதியதோடு ஊரார் முரண்பட்டாலும் அதைத் திருத்தி ஒன்றாக்க வேண்டியதில்லை, இரண்டும் இருக்கட்டும்.

சமூகத்துக்குள் இருக்கும் தளத்தைப் புரோட்டோகால் காக்கும். வெளியே நூலகத்திலும் ஆய்வேட்டிலும் திரியும் நகல்களுக்கு என்ன செய்வது? அதற்கான துணைச் சேவை லோக்கல் கான்டெக்ஸ்ட்ஸ். ஜேன் ஆண்டர்சனும் கிம் கிறிஸ்டனும் 2010-இல் தொடங்கியது. பொருளோடு சேர்த்து ஒட்டும் லேபிள்களை அது தருகிறது: மரபறிவு லேபிள்கள், உயிரினங்கள் சார்ந்த தரவுக்கான உயிர்ப்பண்பாட்டு லேபிள்கள் என்று இரண்டு தொகுதி. எங்களைக் குறிப்பிடுங்கள், விற்கக் கூடாது, இந்தப் பருவத்தில் மட்டும், பெண்களுக்கு மட்டும், எங்களோடு சரிபார்க்கப்பட்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் உருவம். உருவம் மாறாது, அதன் கீழுள்ள பெயரையும் விளக்கத்தையும் சமூகம் தன் மொழியில், தன் சொல்லில் எழுதிக்கொள்ளும்.

பாசமக்வாடி பழங்குடி மக்களின் எடுத்துக்காட்டு இதில் மிகத் தெளிவானது. 1890-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஜெஸ்ஸி வால்டர் ஃபியூக்ஸ் என்ற ஆய்வாளர் அவர்களின் பாட்டையும் கதையையும் எடிசன் கருவியில் மெழுகு உருளைகளில் பதிந்தார். களத்துக்கே போய்ப் பதிந்த ஒலிகளில் உலகின் மிகப் பழையவை அவை. 31 உருளைகள் எஞ்சின. அவை ஹார்வர்டின் அருங்காட்சியகம் வழியாக அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்குப் போயின. பல பத்தாண்டுகள் பாடியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கேட்க முடியாத நிலை. பின்னாளில் புதிய முறையில் டிஜிட்டலாக்கியபோது, பாசமக்வாடி மூத்தோர் ஒவ்வொரு பதிவாகக் கேட்டு, எது வெளியே போகலாம், எது ஊருக்குள் மட்டும் என்று பிரித்தார்கள். வெளியே போனவற்றில் மூன்று லேபிள் ஒட்டினார்கள். அவற்றில் ஒன்று, 'இது விற்பனைக்கல்ல' என்று அவர்கள் மொழியிலேயே சொல்கிறது. அந்த லேபிள்கள் இன்று காங்கிரஸ் நூலகத்தின் சொந்த அட்டவணையிலேயே தெரிகின்றன. ஊருக்குரிய தளம் முகுர்த்துவில் தனியே ஓடுகிறது.

ஆய்வாளர்கள் தவறாமல் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. லேபிளை ஒட்டும் உரிமை சமூகத்துக்கு மட்டுமே. ஆய்வாளரும் நிறுவனமும் போடக்கூடியது நோட்டீஸ்: 'இந்தப் பொருளில் வேறொரு சமூகத்துக்கு உரிமை இருக்கிறது, அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது' என்ற அறிவிப்பு. லோக்கல் கான்டெக்ஸ்ட்ஸ் ஹப்பில் ஆய்வாளர் கணக்கு திறந்து, திட்டத்தை உருவாக்கி, நோட்டீஸ் போட்டு, உரிய சமூகத்துக்குத் தெரிவித்தால், அவர்கள் விரும்பினால் நோட்டீஸின் இடத்தில் லேபிள் வரும். அதுவரை ஆய்வுக்கட்டுரை, தரவுத்தொகுப்பு, கண்காட்சி அட்டை எல்லாவற்றிலும் நோட்டீஸ் நிற்க வேண்டும். நோட்டீஸ் ஒட்டியதோடு கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். சமூகத்துக்கு ஒரு கடிதமும் போகாமல் ஆண்டுக்கணக்கில் தொங்கும் நோட்டீஸ் வெறும் அலங்காரம். கட்டணம் கணக்கின் வகையைப் பொறுத்தது, பதிவு செய்யும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

லேபிளுக்குச் சட்ட பலம் இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மருந்துச் செடியின் பயனைத் திறந்த புரோட்டோகாலில் எழுதிவிட்டு 'விற்கக் கூடாது' என்று லேபிள் ஒட்டினால், படிக்கிற நிறுவனம் சிரித்துக்கொண்டே குறித்துக்கொள்ளும். செடி, மருந்து, விதை பற்றிய அறிவுக்குக் கட்டுப்பட்ட புரோட்டோகாலே காப்பு. லேபிள் அதற்கு மேல்.

தொழில்நுட்பக் குறைகள் பல. ட்ரூப்பல் தெரிந்த ஆள் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இதை ஓட்ட முடியாது. பழைய 3ஆம் பதிப்பு ட்ரூப்பல் 7-இன் மேல் நின்றது. அதற்கான ஆதரவு 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்னும் அதில் ஓடும் தளங்கள் பாதுகாப்புத் திருத்தங்கள் இல்லாமல் நிற்கின்றன, அதுவும் கட்டுப்பட்ட பொருள்களை வைத்துக்கொண்டு. புதிதாகத் தொடங்குபவர்கள் 4ஆம் பதிப்பைத் தவிர வேறெதையும் தொட வேண்டாம்.

ஒலி, ஒளிக் கோப்புகளை ஏற்றும்போது முதல் நாளே தடுமாறுவீர்கள். ட்ரூப்பல் ஓடும் பிஎச்பி மொழியின் இயல்பான ஏற்று வரம்பு 2 எம்பி. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் பதிந்த ஒரு மணி நேர வேவ் கோப்பு 1 ஜிபியைத் தாண்டும். வரம்பை ஜிபி அளவுக்குக் கூட்டச் சொல்லி ஹோஸ்டிங்காரரோடு மல்லுக்கட்டுவதை விட, நூறு எம்பி அளவுக்கு மட்டும் கூட்டி, தளத்தில் 192 கேபிபிஎஸ் எம்பி3 வைப்பது மேல். மணிக்கு 86 எம்பி, மலையூர் இணைப்பிலும் கேட்கலாம். மூல வேவ் கோப்புகள் இரண்டு டிஸ்க்கில்: ஒன்று ஊரில், ஒன்று வேறிடத்தில். ஊர் டிஸ்க் முதலில் கொடுக்கப்பட வேண்டும், ஆய்வேடு முடிந்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லக் கூடாது.

நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர் நடுவே வேலை செய்யும் தமிழ்க் குழுக்கள் கவனிக்க: உள்ளடக்கம் தமிழ் யூனிகோடில் தடையின்றி ஏறும். படிவங்களும் பட்டன்களும் தமிழில் வேண்டுமானால் ட்ரூப்பலின் மொழிபெயர்ப்புப் பகுதியில் நீங்களே சொற்களை உள்ளிட வேண்டியிருக்கும். பொறுப்பாளர்கள் புழங்கும் பக்கங்களை மட்டும் முதலில் முடியுங்கள். மொத்தமாகப் பதிவுகளை ஏற்றும் சிஎஸ்வி வசதி நல்லது, ஆனால் எக்செலில் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். யுடிஎஃப்-8 என்று உள்ள வகையைத் தேர்ந்தெடுங்கள். முதல் முறை ஐந்து வரிகளை மட்டும் ஏற்றி, புரோட்டோகால் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகு மீதியை ஏற்றுங்கள். ஐந்நூறு பதிவுகளைத் தவறாகத் திறந்துவிட்டு மூடுவதற்குள் தேடுபொறி நகல் எடுத்திருக்கும்.

யாருக்கு ஆகும்? ஒரு சமூகத்தோடு பல ஆண்டு இருக்கப் போகிற குழுவுக்கு, பொறுப்பாளர்களுக்குப் பயிற்சியும் சன்மானமும் கொடுக்கப் பணம் ஒதுக்கியிருக்கிற குழுவுக்கு, கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஆறு மாதக் களப்பணிக்கு இது அதிகம். ஹார்டு டிஸ்க்கும், எழுதிக் கையெழுத்திட்ட ஒரு தாளும், ஹப்பில் ஒரு நோட்டீஸும் போதும். எல்லாமே பொதுவில் வைக்கலாம் என்று ஊரே சொன்ன தொகுப்புக்கு ஒமேகா போதும், பராமரிப்பும் சுலபம்.

செலவில் மென்பொருளுக்கு ஒரு பைசா இல்லை. ஹோஸ்டிங், டொமைன், பராமரிக்கும் ஆளின் நேரம் இவைதான் செலவு, அதுவும் ஆய்வு நிதி தீர்ந்த பிறகும் தொடரும். தளத்தைப் பல்கலைக்கழகத்தின் துணை முகவரியில் போட்டால், பேராசிரியர் ஓய்வு பெறும் நாளில் அதை யார் கவனிப்பார் என்று தெரியாது. டொமைனைச் சமூகத்தின் அறக்கட்டளை அல்லது சங்கத்தின் பெயரில் பதிவு செய்து, புதுப்பிப்பு அறிவிப்பு போகும் மின்னஞ்சலும் அவர்களுடையதாக இருக்கட்டும். நிதி கையில் இருக்கும்போதே பத்து வருடக் கட்டணத்தைச் சேர்த்துக் கட்டிவிடுங்கள்; டாட் காம், டாட் ஆர்க் முகவரிகளுக்கு அதற்கு மேல் ஒரே தவணையில் பதிய முடியாது.